எண்ணோடு தேதியும் வேண்டும்: நோய்ப்பரவல் டாஷ்போர்டு பற்றி வாசகர் கேள்விகள்

தொற்றுநோய்க் காலத்தில் எண்களாலும் படங்களாலும் மக்களுக்கு நிலவரம் சொல்லும் இணையப் பக்கங்களான டாஷ்போர்டுகளை எப்படி அமைப்பது என்பது பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டு வாங்கியிருந்தோம். கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு, தொற்றுநோயியலும் தரவு வடிவமைப்பும் அறிந்த எங்கள் குழு இங்கே பதில் தருகிறது.

எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர்தான் இருக்கிறோம். ஒரு வாரத்துக்குள் டாஷ்போர்டு வேண்டும் என்று உத்தரவு. கையில் இருப்பது ஒரு எக்செல் கோப்பு. முதல் திரையில் எதை வைப்பது?
— சுகாதாரத் துறை ஊழியர்

மென்பொருளைத் திறக்காதீர்கள். முதலில் ஒரு தாளை எடுத்து, இந்தப் பக்கத்துக்கு வருகிறவர் என்ன கேட்பார் என்று எழுதுங்கள். எத்தனை பேர் எழுதினாலும் பெரும்பாலும் நான்கு கேள்விகளில் வந்து நிற்கும்: என் பகுதியில் நோய் கூடுகிறதா, குறைகிறதா? எவ்வளவு வேகமாக? மருத்துவமனையில் இடம் இருக்கிறதா? நான் என்ன செய்ய வேண்டும்? முதல் திரை இந்த நான்குக்கும் பதில் சொன்னால் போதும். மற்றதெல்லாம் கீழே போகட்டும்.

பலரும் செய்யும் தவறு, தொடக்கத்திலிருந்து இன்றுவரையிலான மொத்த எண்ணிக்கையை ஆகப் பெரிய எழுத்தில் உச்சியில் போடுவது. அந்த எண் ஒருபோதும் இறங்காது. நோய் அடங்கி மூன்று மாதம் ஆன பிறகும் அது வயிற்றில் புளியைக் கரைக்கும். நோய் மீண்டும் வேகமெடுக்கும்போதோ ஏற்கெனவே பெரிதாக இருப்பதால் மாற்றமே தெரியாது. பயப்பட வேண்டாத நேரத்தில் பயமுறுத்தி, எச்சரிக்க வேண்டிய நேரத்தில் மௌனமாக இருக்கும் எண்ணுக்கு முதலிடம் எதற்கு?

முதல் திரையில் எண்ணைச் சொல்லும் சிறு பெட்டியை அட்டை என்போம். ஒரு நல்ல அட்டை எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

"கடந்த 7 நாட்களில் புதிய பாதிப்புகள்: 420. அதற்கு முந்தைய 7 நாட்களில் 350. 20 சதவீதம் கூடியிருக்கிறது. லட்சம் பேருக்கு 84. மார்ச் 14 வரையிலான தரவு; மார்ச் 15 மாலை 4 மணிக்கு வெளியிடப்பட்டது."

எண், ஒப்பீடு, திசை, மக்கள்தொகை விகிதம், இரண்டு தேதிகள். இரண்டு தேதிகளும் கட்டாயம். "கடைசியாகப் புதுப்பித்தது" என்று ஒரே தேதி போட்டால், பக்கம் இன்று புதுப்பிக்கப்பட்டது என்பதாலேயே தரவும் இன்றையது என்று படிப்பவர் நம்பிவிடுவார். உள்ளே இருப்பது நான்கு நாள் பழையதாக இருக்கலாம்.

வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாட்கள் வரையறைகளுக்கு: "பாதிப்பு" என்றால் யார், "மரணம்" என்றால் எது, எந்தத் தேதியை எடுக்கிறோம், நோயாளியின் சொந்த ஊரா பரிசோதனை நடந்த ஊரா. இதை ஒரே பக்கத்தில் எழுதி மூவரும் ஒப்புக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் தரவு வரும் வழியும் சரிபார்ப்பும். நான்காம் நாள் பக்கம். ஐந்தாம் நாள், அலுவலகத்துக்குத் தொடர்பில்லாத ஐந்து பேரின் கைப்பேசியில் காட்டி, "நோய் கூடுகிறதா?" என்று மட்டும் கேளுங்கள். ஐந்தில் இருவர் தவறாகச் சொன்னால் வடிவமைப்புதான் தவறு. மாற்றிவிட்டு மறுபடியும் காட்ட இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

தேதிவாரி கிராஃபில் கடைசி நான்கைந்து நாட்கள் எப்போதும் கீழே இறங்குகின்றன. "நோய் குறைந்துவிட்டது" என்று மக்கள் பகிர்கிறார்கள். அடுத்த வாரம் பார்த்தால் அதே நாட்கள் உயர்ந்து நிற்கின்றன. என்ன செய்வது?
— தரவு ஆய்வாளர்

வந்த கடிதங்களில் மிக முக்கியமான கேள்வி இது. டாஷ்போர்டுகள் மக்களின் நம்பிக்கையை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒருவருக்குத் திங்களன்று காய்ச்சல் வருகிறது. புதனன்று பரிசோதனைக்குப் போகிறார். வியாழனன்று மாதிரி ஆய்வகத்தை அடைகிறது. வெள்ளியன்று முடிவு. சனிக்கிழமை பதிவேற்றுகிறார்கள். நோயறிகுறி தொடங்கிய தேதியை வைத்து கிராஃப் வரைந்தால் இவர் திங்கட்கிழமைப் பட்டையில் சேர்வார். ஆனால் சனிக்கிழமை வரை அந்தப் பட்டையில் இவர் இல்லை. அதனால் கடைசி நாட்கள் குறைவாகத் தெரிவது நோய் குறைந்ததால் அல்ல, கணக்கு இன்னும் வந்து சேராததால்.

எத்தனை நாட்கள் அரைகுறையானவை என்று ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். தினமும் வெளியிடும் கோப்பை மேலெழுதாமல், தேதி போட்டுத் தனித்தனியாகச் சேமியுங்கள். மூன்று வாரம் சேர்ந்ததும் ஒவ்வொரு நாளின் பட்டையும் எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டு: ஒரு தேதிக்குரிய பாதிப்புகள் கடைசியில் 200 என நின்றன என்று வைத்துக்கொள்வோம். அன்றிரவு கணக்கில் இருந்தது 20. ஒரு நாள் கழித்து 70, மூன்று நாள் கழித்து 140, ஐந்து நாள் கழித்து 180, ஏழு நாள் கழித்து 194. அதாவது 10, 35, 70, 90, 97 சதவீதம். பல தேதிகளுக்கு இப்படிப் பார்த்து நடுமதிப்பு எடுங்கள். 95 சதவீதத்தை எட்ட எத்தனை நாள் ஆகிறதோ, கிராஃபின் கடைசியில் அத்தனை நாட்கள் முழுமையற்றவை. இந்த எடுத்துக்காட்டில் 7.

அந்த 7 நாட்களின் பட்டைகளை மங்கலாக்குங்கள். அவற்றின் பின்னணிக்குச் சாம்பல் நிறம் கொடுத்து, அதன் மேலேயே எழுதுங்கள்: "இந்த நாட்களின் கணக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறது, உயரும்." பக்கத்தின் அடியில் குறிப்பாக எழுதினால் யாரும் படிப்பதில்லை. கூடுகிறதா குறைகிறதா என்ற ஒப்பீட்டையும் இந்த நாட்களை விட்டுவிட்டே கணக்கிடுங்கள். நடக்கும் தவறு என்னவென்றால், கிராஃபில் ஒழுங்காக மங்கலாக்கிவிட்டு, மேலே அட்டையில் மட்டும் அரைகுறை நாட்களையும் சேர்த்து "30 சதவீதம் குறைவு" என்று போட்டுவிடுவார்கள். முதல் கேள்வியில் சொன்ன அட்டை, தாமதம் குறைவான தேதியை வைத்து வரைந்தால்தான் முந்தைய நாள் வரை வர முடியும். தாமதம் ஏழு நாள் என்றால் அட்டையின் தேதியும் ஏழு நாள் பின்னால்தான் நிற்கும்.

முழுமையற்ற நாட்களுக்கு மதிப்பீடும் தரலாம். ஒரு நாள் கழிந்த நிலையில் 63 பதிவாகியிருக்கிறது, வழக்கமாக அப்போது 35 சதவீதமே வந்திருக்கும் என்றால் 63-ஐ 0.35-ஆல் வகுத்தால் 180. ஆனால் அதை ஒற்றை எண்ணாகப் போடாதீர்கள். கடந்த வாரங்களில் அந்தச் சதவீதம் 28-க்கும் 42-க்கும் இடையே ஆடியிருந்தால் மதிப்பீடும் 150 முதல் 225 வரை. அந்த வீச்சைப் பட்டையின் மேல் கோடாகக் காட்டுங்கள். ஆய்வகங்களில் மாதிரிகள் தேங்கும்போது இந்தச் சதவீதமே மாறிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை மறுபடி கணக்கிடுவது அவசியம்.

"பேசாமல் அறிக்கை வந்த தேதியை வைத்தே வரைந்தால் இந்தத் தொல்லை இல்லையே" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பழைய எண்கள் மாறாது என்பது உண்மை. ஆனால் ஓர் ஆய்வகம் இரண்டு வாரத் தேக்கத்தை ஒரே நாளில் அனுப்பினால் அன்று நோய் வெடித்ததுபோல் தெரியும். உயிரிழப்பில் இது இன்னும் மோசம்: ஒரு மாதத்துக்கு முன் இறந்தவர்கள் "இன்று இறந்தவர்கள்" ஆகிவிடுவார்கள். நிகழ்ந்த தேதி முதல் கிராஃபில் இருக்கட்டும். அறிக்கைத் தேதி இரண்டாம் தாவலில் இருக்கட்டும். இரண்டுக்கும் தலைப்பிலேயே எந்தத் தேதி என்று சொல்லிவிடுங்கள்.

7 நாள் சராசரி என்பது எதற்கு? பரிசோதனையில் நோய் உறுதியாகும் விகிதத்துக்கும் அதே முறையா?
— புள்ளியியல் மாணவி

விடுமுறை நாட்களில் ஆய்வகங்கள் குறைவாக இயங்கும், அடுத்த இரண்டு நாள் எண்கள் ஏறும். நோய்க்கு வாரநாள் தெரியாது, பதிவேட்டுக்குத் தெரியும். 7 நாள் சராசரியில் எல்லா வாரநாளும் ஒருமுறை வருவதால் இந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். 5 நாள், 10 நாள் சராசரிக்கு இந்தக் குணம் இல்லை. இன்றும் அதற்கு முந்தைய ஆறு நாட்களும் சேர்த்த சராசரியை இன்றைய தேதியில் வரைந்தால், கோடு உண்மையான திருப்பத்தைவிட ஏறத்தாழ மூன்று நாள் பிந்தித் திரும்பும். அதையும் எழுதுங்கள்.

விகிதத்துக்கு அப்படியே செய்தால் பிழையாகும். ஒரு நாள் 50 பரிசோதனையில் 10 பேருக்கு உறுதி: 20 சதவீதம். மறுநாள் 1,000-ல் 20 பேர்: 2 சதவீதம். இரண்டின் சராசரி 11 என்று வரும். உண்மையில் 1,050-ல் 30 பேர், 2.9 சதவீதம். எனவே 7 நாள் உறுதியானவர்களின் கூட்டுத்தொகையை 7 நாள் பரிசோதனைகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒருவரே மூன்று முறை பரிசோதித்துக்கொண்டால் அது மூன்றா ஒன்றா என்பதும் பதிலை மாற்றும். 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், கொரோனா கட்டுக்குள் இருக்கிறது என்பதற்கு இந்த விகிதம் 5 சதவீதத்துக்குக் கீழ் இரண்டு வாரம் இருக்க வேண்டும் என்ற அளவுகோலைச் சொன்னபோது, ஆளைக் கணக்கிட்ட இடங்களும் பரிசோதனையைக் கணக்கிட்ட இடங்களும் ஒரே கோட்டுக்குக் கீழே தங்களை ஒப்பிட்டுக்கொண்டன. எதை எதால் வகுத்தோம் என்று இரண்டு எண்களையும் பெயர் சொல்லிப் போட்டிருந்தால் அந்தக் குழப்பம் நேராது.

மேப் இல்லாத டாஷ்போர்டை யாரும் மதிப்பதில்லை என்கிறார் என் மேலாளர். மேப் அவசியமா?
— வலைப்பக்க வடிவமைப்பாளர்

1854-ல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது ஜான் ஸ்நோ இறந்தவர்களின் வீடுகளைத் தெருப்படத்தில் குறித்தார். தண்ணீர்க் குழாய் ஒன்றைச் சுற்றியே அவை குவிந்திருந்தன. அங்கே "எங்கே" என்பதே கேள்வியாக இருந்தது. அதனால் மேப் பதில் சொன்னது. உங்கள் வாசகரின் கேள்வி "எங்கே" என்றால் மேப் வையுங்கள். "கூடுகிறதா" என்றால் கோட்டுப்படம்தான் பதில். பரப்பில் பெரிய, ஆள் குறைந்த பகுதி மேப்பில் திரையை அடைத்துக்கொள்ளும். லட்சக்கணக்கானோர் நெருங்கி வாழும் நகரம் ஒரு புள்ளியாகிவிடும்.

வைப்பதென்றால் சில விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். நிறம் நிரப்பும் மேப்பில் வெறும் எண்ணிக்கையை நிரப்பாதீர்கள். அது மக்கள்தொகையைத்தான் காட்டும். லட்சம் பேருக்கு என்ற விகிதத்தை நிரப்புங்கள். எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் வட்டங்கள் போடுங்கள், வட்டத்தின் பரப்பு எண்ணுக்கு ஏற்ப இருக்கட்டும். ஆரத்தை எண்ணுக்கு ஏற்ப வைத்தால் இரண்டு மடங்கு பாதிப்பு நான்கு மடங்காகத் தோன்றும்.

நிறப் படிகள் ஐந்து போதும். அவற்றின் எல்லைகளை ஒருமுறை முடிவு செய்து அப்படியே வைத்திருங்கள். பல மென்பொருள்கள் ஒவ்வொரு நாளும் அன்றைய தரவுக்கு ஏற்ப எல்லைகளைத் தாமே மாற்றிக்கொள்ளும். அப்போது ஊர் முழுக்க நோய் பாதியாகக் குறைந்தாலும் மேப் நேற்றுபோலவே சிவந்திருக்கும். இந்தத் தானியங்கி அமைப்பை முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

சிறிய ஊர்கள் இன்னொரு பொறி. 800 பேர் உள்ள ஊரில் ஒருவருக்கு நோய் வந்தால் லட்சம் பேருக்கு 125. பத்து லட்சம் பேர் உள்ள நகரில் 900 பேருக்கு வந்தால் 90. மேப்பில் அந்தச் சிற்றூர் நகரைவிட அடர்ந்து தெரியும். இதைத் தவிர்க்க 14 நாள் கூட்டுத்தொகை எடுங்கள், அல்லது பக்கத்துச் சிற்றூர்களைச் சேர்த்து ஒரே அலகாக்குங்கள். பூஜ்யத்துக்கு ஒரு நிறம், "தரவு வரவில்லை" என்பதற்குக் கோடிட்ட சாம்பல். இரண்டையும் வெள்ளையாக விட்டால், அறிக்கையே அனுப்பாத ஊர் நோயே இல்லாத ஊர் ஆகிவிடும். மக்களை நேரடியாக ஆபத்தில் தள்ளும் வடிவமைப்புப் பிழை அது.

மடக்கை அளவில் கிராஃப் போடலாமா?
— கணித ஆசிரியர்

மடக்கை அளவில் செங்குத்து அச்சு 10, 100, 1,000 என்று படிக்குப் படி பத்து மடங்காக ஏறும்; நேர் அளவில் சம அளவாக ஏறும். மடக்கை அளவை நிபுணர்களுக்குப் போடலாம், பரவும் வேகம் மாறுவது அதில் தெளிவாகத் தெரியும். பொதுமக்களின் முதல் படமாக வேண்டாம். 2020-ல் அமெரிக்கர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், எந்த வாரத்தில் உயிரிழப்பு அதிகம் கூடியது என்ற எளிய கேள்விக்கு நேர் அளவு பார்த்தவர்களில் ஏறத்தாழ 84 சதவீதம் பேரும், மடக்கை அளவு பார்த்தவர்களில் ஏறத்தாழ 41 சதவீதம் பேரும்தான் சரியாகப் பதில் சொன்னார்கள். வேகத்தைச் சொல்ல "9 நாட்களில் இரட்டிப்பாகிறது" என்ற ஒரு வாக்கியம் போதும்.

இதோடு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம்: கிடை அச்சில் தேதி எப்போதும் இடமிருந்து வலமாக, வரிசை பிசகாமல் ஓட வேண்டும். 2020 மே மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் வெளியிட்ட ஒரு பட்டைப்படத்தில் தேதிகள் முன்பின்னாகக் கிடந்தன. பட்டைகள் உயரப்படி அடுக்கப்பட்டிருந்ததால் நோய் சீராக இறங்குவதுபோல் தோன்றியது. "மதிப்பின்படி வரிசைப்படுத்து" என்ற ஒரு சொடுக்கு போதும், இப்படி ஆக.

"மருத்துவமனையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டவர்களே" என்று எங்கள் டாஷ்போர்டையே ஆதாரம் காட்டிப் பரப்புகிறார்கள். அந்தப் பகுதியை எடுத்துவிடலாமா?
— தகவல் தொடர்பு அலுவலர்

எடுக்காதீர்கள். மறைத்தால் "எதையோ ஒளிக்கிறார்கள்" என்ற பேச்சு அதைவிட வேகமாகப் போகும். காட்டும் முறையை மாற்றுங்கள்.

60 வயதைக் கடந்தவர்கள் 1,00,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். 95,000 பேர் தடுப்பூசி போட்டவர்கள், 5,000 பேர் போடாதவர்கள். மருத்துவமனையில் போட்டவர்கள் 38 பேர், போடாதவர்கள் 20 பேர். ஆக, படுக்கையில் இருப்பவர்களில் 66 சதவீதம் தடுப்பூசி போட்டவர்கள் என்பது பொய்யில்லை. ஆனால் விகிதம் பாருங்கள்: போட்டவர்களில் லட்சத்துக்கு 40; போடாதவர்களில் லட்சத்துக்கு 400. பத்து மடங்கு.

இதை வட்டப்படமாகப் போட்டால் முதல் செய்திதான் போகும். 100 சிறு மனித உருவங்களை வரைந்து 95-க்கு ஒரு நிறமும் 5-க்கு வேறொரு நிறமும் கொடுங்கள். பக்கத்தில் இரண்டே பட்டைகள்: 40, 400. மேலே ஒரு வாக்கியம்: "தடுப்பூசி போடாதவர்கள் மருத்துவமனைக்கு வரும் வாய்ப்பு பத்து மடங்கு."

வயதைப் பிரிக்காமல் மட்டும் காட்டாதீர்கள். முதியவர்கள் தடுப்பூசியும் அதிகம் போட்டிருப்பார்கள், மருத்துவமனைக்கும் அதிகம் வருவார்கள். 2021 ஆகஸ்டில் இஸ்ரேலின் தரவை எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தபோது தடுப்பூசியின் பலன் குறைவாகத் தெரிந்தது. 50 வயதுக்குக் கீழ், மேல் என்று பிரித்ததும் இரண்டு பிரிவிலும் பலன் கூடுதலாகத் தெரிந்தது.

தரவு தயாரிப்பவர்கள் அடிக்கடி கவனிக்காத ஒன்று: போடாதவர்களின் எண்ணிக்கையை யாரும் நேராக எண்ணுவதில்லை. மக்கள்தொகையிலிருந்து போட்டவர்களைக் கழித்து எடுக்கிறார்கள். மக்கள்தொகை மதிப்பீடு 2 சதவீதம் பிசகினால் மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 2,000 பேர். 95,000-க்கு அது தூசு. 5,000-க்கோ 40 சதவீதம். தடுப்பூசி 90 சதவீதத்தைத் தாண்டிய பகுதிகளில் இந்த விகிதத்தை வீச்சோடுதான் வெளியிட வேண்டும்.

சின்ன ஊர்களில் எண்ணிக்கை இரண்டு, மூன்று என்று வருகிறது. ஊர்க்காரர்கள் யாரென்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். எப்படி மறைப்பது?
— கிராம சுகாதாரச் செவிலியர்

உங்கள் கவலை நியாயமானது. யார் என்று தெரிந்துவிட்டால் ஒதுக்கிவைப்பார்கள். அதைப் பார்த்து அடுத்தவர் பரிசோதனைக்கே வரமாட்டார்.

ஒரு வாசலளவை முடிவு செய்து அதற்குக் கீழான எண்ணை வெளியிடாமல் விடுவதே வழக்கம். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் மரணத் தரவுத்தளம் 1 முதல் 9 வரையிலானவற்றை மறைக்கிறது. வேறு இடங்களில் 5. ஆனால் ஓர் எண்ணை மட்டும் மறைத்தால் போதாது. வாசலளவு 5, நான்கு ஊர்களில் 19, 13, 6, 3, மொத்தம் 41 என்று கொள்வோம். 3-ஐ மட்டும் மறைத்தால் 41-லிருந்து 38-ஐக் கழிக்க ஒரு குழந்தைக்கும் தெரியும். எனவே அடுத்த சிறிய எண்ணான 6-ஐயும் மறைக்க வேண்டும். அப்போது இரண்டும் சேர்ந்து 9 என்பது மட்டுமே வெளியே தெரியும்.

நாள் கணக்கிலும் இதே ஓட்டை உண்டு. நேற்றைய மொத்தம் 27, இன்று 28 என்றால் இன்று ஒருவர். சிற்றூர்களுக்குத் தினக்கணக்கை நிறுத்தி வாரக்கணக்கு கொடுங்கள். வயது, பாலினம், ஊர் மூன்றையும் ஒரே அட்டவணையில் குறுக்காக வெட்டாதீர்கள். தரவிறக்கம் செய்யும் கோப்பையும் பாருங்கள். திரையில் மறைத்த எண் அந்தக் கோப்பில் அப்படியே கிடப்பது அடிக்கடி நடக்கிறது.

நிறத் தேர்வுக்கும் கைப்பேசிக்கும் ஏதாவது அளவு இருக்கிறதா?
— சுயாதீன வடிவமைப்பாளர்

சிவப்பு–பச்சை ஜோடியைக் கைவிடுங்கள். சில மக்களிடையே ஆண்களில் 100-க்கு 8 பேர் வரை இந்த நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்கள். வெளிர் நீலத்திலிருந்து அடர் நீலம் வரை ஒரே நிறத்தின் படிகள், அல்லது நீலமும் ஆரஞ்சும். கோடுகளுக்கு நிறத்தோடு நேரடிப் பெயரும் கொடுங்கள். தனியே குறிவிளக்கப் பெட்டி வைத்தால் கண் அங்கும் இங்கும் ஓட வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1, கிராஃப் கோடுகளுக்கு 3-க்கு 1 என்பது வலை அணுகல் விதிகளின் அளவு. பார்வையற்றோர் கேட்கும் திரைவாசிப்பானுக்கு ஒவ்வொரு படத்தின் சாரத்தையும் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். "கிராஃப் 3" என்று எழுதி யாருக்கு என்ன பயன்?

கைப்பேசியில் விரல் வைத்தால்தான் எண் தெரியும் என்று வைக்காதீர்கள். கடைசி மதிப்பை கோட்டின் முனையிலேயே அச்சிடுங்கள். இன்னொன்று: உங்கள் பக்கத்தைவிட அதன் ஸ்கிரீன்ஷாட்தான் அதிகம் பயணிக்கும். வாட்ஸ்அப்பில் வெட்டி அனுப்பினாலும் அர்த்தம் மாறாதபடி தலைப்பு, அலகு, தேதி, வெளியிட்டவர் பெயர் நான்கும் படத்துக்குள்ளேயே இருக்கட்டும். மூன்று மாதம் பழைய படம் "இன்றைய நிலவரம்" என்று சுற்றும்போது அந்தத் தேதி ஒன்றுதான் காப்பாற்றும்.

படுக்கை நிலவரத்தில் "40 சதவீதம் காலி" என்று போட்டோம். மருத்துவமனைகளில் இடமில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். எங்கே தவறு?
— மருத்துவமனை நிர்வாகி

கட்டிலை எண்ணியிருப்பீர்கள். செவிலியரும் ஆக்சிஜனும் இல்லாத கட்டில் படுக்கை அல்ல. சதவீதம் கணக்கிட, பணியாளர் உள்ள படுக்கைகளை மட்டும் மொத்தமாக எடுங்கள், தீவிர சிகிச்சைப் பிரிவைத் தனியாகக் காட்டுங்கள். எந்த நேரத்துக் கணக்கு என்பதையும் போடுங்கள். காலை 8 மணி நிலவரம் மாலையில் செல்லாது. "இன்று படுக்கையில் இருப்பவர்கள்", "இன்று புதிதாகச் சேர்ந்தவர்கள்" இரண்டையும் ஒரே கிராஃபில் கலக்க வேண்டாம்.

எக்செலில் தொடர்ந்து நடத்தலாமா? எந்தெந்த இடத்தில் உடையும்?
— கணினி உதவியாளர்

இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா பாதிப்புகள் தினசரிக் கணக்கில் சேராமல் போயின. ஆய்வகங்களிலிருந்து வந்த கோப்புகளைப் எக்ஸ்எல்எஸ் என்ற பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியிருந்தார்கள். அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான். மிச்சம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உதிர்ந்துவிட்டது. அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது.

தரவை சிஎஸ்வி கோப்பாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பு) வாங்கி ஒரு சிறு தரவுத்தளத்தில் ஏற்றுங்கள். தேதிகள் 2021-04-03 என்ற வடிவில் மட்டும். 03/04 என்றால் ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்று ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு விதமாகப் படிக்கும். ஊரைப் பெயரால் அடையாளம் காணாதீர்கள், எழுத்துப்பிழை ஒன்றை இரண்டாக்கும். குறியீட்டு எண் பயன்படுத்துங்கள். அந்த எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அதை எழுத்தாகச் சேமியுங்கள், இல்லையென்றால் எக்செல் பூஜ்யத்தைத் தின்றுவிடும்.

வெளியிடும் முன் ஓட வேண்டிய சோதனைகள்: அனுப்பியவர் சொன்ன வரிசை எண்ணிக்கையும் ஏற்றியதும் ஒன்றா? பகுதிகளின் கூட்டல் மொத்தத்துக்குச் சமமா? எங்காவது மொத்த எண்ணிக்கை நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா? நாளைய தேதியில் பதிவு இருக்கிறதா? ஏதாவது ஒரு பகுதி வழக்கத்தைவிட மூன்று மடங்கு ஏறியோ, முழுக்கப் பூஜ்யமாகவோ இருக்கிறதா? ஒன்று தவறினாலும் புதிய எண்ணை வெளியிடாமல் நேற்றைய பக்கத்தையே விட்டு, "சரிபார்ப்பு நடக்கிறது, அடுத்த வெளியீடு இத்தனை மணிக்கு" என்று போடுங்கள்.

பக்கத்தை ஒவ்வொரு பார்வைக்கும் தரவுத்தளத்திடம் கேட்கும்படி கட்டாதீர்கள். தினம் ஒருமுறை எண்களைக் கோப்பாக எழுதி, நிலையான பக்கமாகப் பரிமாறுங்கள். நெருக்கடி முற்றும் நாளில் கூட்டம் நூறு மடங்கு வரும். மக்கள் அதிகம் தேடும் அந்த நாளில்தான் மற்ற அமைப்புகள் படுத்துவிடும்.

வரையறை மாறினாலோ பிழை கண்டுபிடித்தாலோ, பழைய எண்களை அமைதியாகத் திருத்திவிட்டால் போதாதா?
— தரவு உள்ளீட்டாளர்

போதாது. யாரோ ஒருவர் பழைய எண்ணைச் சேமித்து வைத்திருப்பார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுவார். அதற்குப் பிறகு நீங்கள் தரும் விளக்கம் எடுபடாது.

2020 பிப்ரவரியில் சீனாவின் ஹூபே மாகாணம், ஆய்வக உறுதி இல்லாமல் மருத்துவர்கள் கண்டறிந்தவர்களையும் கணக்கில் சேர்த்தது. ஒரே நாளில் 14,840 புதிய பாதிப்புகள். அவற்றில் 13,332 அந்த மாற்றத்தால் வந்தவை. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டன், நோய் உறுதியாகி 28 நாட்களுக்குள் இறந்தவர்களை மட்டும் எண்ணத் தொடங்கியபோது மொத்த உயிரிழப்பு 5,000-க்கும் மேல் குறைந்தது. கிராஃபை மட்டும் பார்த்தவருக்கு முதலாவது பேரழிவு, இரண்டாவது மாயம். மாறிய நாளில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அதன் மேலேயே ஒரு வரியில் காரணம் எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வளைவை இணைக்காதீர்கள். முடிந்தால் பழைய வரையறையிலும் சில வாரங்கள் எண்ணி, இரண்டு கோடுகளையும் சேர்த்துக் காட்டுங்கள்.

பிழைதிருத்தத்துக்குத் தனிப்பக்கம் ஒன்று வையுங்கள்: எந்த நாள், எந்த எண், என்னவாக இருந்தது, என்னவாக மாறியது, ஏன். பெரிய பிழையென்றால் அந்த வரி முதல் திரையில் ஒரு வாரம் நிற்கட்டும்.

நோய் அடங்கிவிட்டது. டாஷ்போர்டை எப்போது நிறுத்துவது?
— திட்ட ஒருங்கிணைப்பாளர்

உள்ளே வரும் தரவு மெலியத் தொடங்கும்போது. பரிசோதனையே குறைந்த பிறகு பாதிப்பு எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை. தினசரியை வாராந்திரமாக்கி, மருத்துவமனைச் சேர்க்கையை முன்னே கொண்டுவாருங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2020 ஜனவரி 22-ல் தொடங்கிய கொரோனா டாஷ்போர்டின் தரவுச் சேகரிப்பை 2023 மார்ச் 10-ல் நிறுத்தியது. பழைய தரவு இன்றும் கிடைக்கிறது.

நிறுத்தும் தேதியை இரண்டு வாரம் முன்பே பக்கத்தில் அறிவியுங்கள். நின்றுபோன நாளிலிருந்து உச்சியில் பெரிதாக "இந்தப் பக்கம் இந்தத் தேதியோடு நிறுத்தப்பட்டது" என்று எழுதுங்கள். அது இல்லாவிட்டால் உறைந்த கடைசி எண்ணை இன்றைய நிலவரம் என்று யாராவது படிப்பார்கள். நாள்வாரியாகச் சேமித்த கோப்புகள், வரையறைத் தாள், திருத்தப் பக்கம் மூன்றையும் ஒரே முகவரியில் வையுங்கள். அந்த முகவரியை மாற்றாதீர்கள்.